தடை வேண்டாம், திரையிலே இடம் வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து பெரிய படம் ஒன்று புறப்பட்டது என்றால், அது எமது கரைக்கு வருமுன்னரே அதற்கெதிரான மகஜர் வந்துவிடுகிறது. "இப்படம் எமது சமூகத்தை இழிவுபடுத்துகிறது, உடனடியாகத் தடை செய்க" என்று தொடங்கி, நகரின் பெரிய மனிதர் பலரின் கையொப்பங்களோடு முடிகிறது. கையொப்பமிட்ட அன்பர்களை அணுகி, "படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அதையெல்லாம் பார்ப்பதா?" என்று பதில் வருகிறது. இத்தகைய மகஜர்களுக்குச் சட்டத்தின் வாசகத்தைப் பூட்டித் தருமாறு கேட்டு எம்மிடமும் வந்திருக்கிறார்கள். நாம் மறுத்தோம். மறுத்ததற்காகச் சிலர் எம்மை "சினிமாக் கட்சி" என்று ஏசியதும் உண்டு. ஏசுவோர் ஏசட்டும். மறுத்ததற்கான நியாயத்தைப் பொதுமக்கள் முன் வைப்பது எமது கடமை.

படக்கலையில் நாம் நிபுணர் அல்லர். வழக்குக் கட்டுகளை மூடிவைத்த பிறகு, வீட்டார் பார்க்கும் படத்தைக் கூட இருந்து பார்க்கும் சாதாரண இரசிகர்தாம். சம்மாந்துறை வயற்காரரும், கல்முனைக்குடிக் கடற்றொழிலாளரும், அக்கரைப்பற்று ஆசிரியரும், மருதமுனை நெசவாளரும் எதைப் பார்க்கிறார்களோ அதையே நாமும் பார்க்கிறோம். திரையரங்குக்குப் போகாதே என்று தடுத்த காலம் போய்விட்டது; இன்று திரையரங்கு ஒவ்வொரு வாலிபனின் சட்டைப் பையிலும் கிடக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எவ்வளவு கண்டித்தாலும் அந்தப் பைக்குள் கை நுழைக்க எவராலும் முடியாது. எனவே, பார்க்கலாமா கூடாதா என்ற வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. பார்த்ததைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்பதே மீதமுள்ள கேள்வி.

முதலிலே வயலிலிருந்து தொடங்குவோம்; இந்தப் பத்திரிகையை வாசிப்போரில் பாதிப் பேர் வயலை நம்பி வாழ்பவர்கள். 2021இல் "பூமி" என்றொரு படம் வந்தது. அமெரிக்க விண்வெளி நிலையத்தின் விஞ்ஞானி ஒருவர் கிராமத்துக்கு வந்து, கமக்காரனுக்குக் கமம் செய்யக் கற்பிக்கிறார். வசனம் பேசுகிறார், மீண்டும் பேசுகிறார், படம் முடியும்வரை பேசிக்கொண்டே இருக்கிறார். நெற்கதிர் வாயைத் திறக்க இடமே இல்லை. அதே 2021இல்தான் எமது அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடுத்து, பெரும்போகத்தின் கழுத்தைத் திருகிற்று. அங்கே திரையில் ஒரு மேதாவி, இங்கே கொழும்பில் பல மேதாவிகள். கமக்காரனைக் கேட்காமல் கமக்காரனைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் என்ற வகையில் இருசாராரும் ஒரே பாடசாலை மாணவர்கள்.

மறுபுறம், 2022இல் மணிகண்டன் எடுத்த "கடைசி விவசாயி"யைப் பாருங்கள். நல்லாண்டி என்ற உண்மையான கமக்காரரே மாயாண்டி என்ற கிழவராக வந்தார். படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். குலதெய்வத்தின் விழாவுக்குப் புதுநெல் வேண்டும். ஊரில் விதைப்பவர் அவர் ஒருவரே. அவர் நிலத்தில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன. மயில் தேசியப் பறவை, எனவே வழக்கு, எனவே விளக்கமறியல். கிழவரைப் பார்த்த மாத்திரத்திலேயே அவர் குற்றமற்றவர் என்பதை உணர்கிறார் பெண் நீதவான். ஆனால் பதிவான வழக்கைக் காற்றிலே வீசிவிடவும் முடியாது. கிழவர் உள்ளே இருக்கும் நாட்களில் அவருடைய பயிருக்குத் தண்ணீர் விடும்படி பொலிஸ்காரருக்கே கட்டளையிடுகிறார். நீதிமன்றத்தையே தொழிலாகக் கொண்ட எமக்கு அந்த இடத்தில் நெஞ்சு நெகிழ்ந்தது. சட்டப் புத்தகம் எங்கே முடிகிறது, மனிதனின் பசி எங்கே தொடங்குகிறது என்பதை இத்தனை அமைதியாகக் காட்டிய தமிழ்ப் படம் வேறொன்று எமக்கு நினைவில் இல்லை. யானை மிதித்த வயலுக்கு நட்ட ஈடு கேட்டு மாதக்கணக்கில் அலையும் எமது மக்கள் அந்தக் கிழவரை உடனே அறிந்துகொள்வார்கள். அவர் வணங்கும் தெய்வம் வேறு என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இராது.

இனி, எம்மை நேரே தொடும் படங்களுக்கு வருவோம். 2025 மே முதலாம் திகதி வெளிவந்த "டூரிஸ்ட் பேமிலி" இலங்கைத் தமிழர் யாவரையும் மகிழ்வித்தது என்கிறார்கள். எம்மையும் மகிழ்வித்தது, அதை மறைக்க மாட்டோம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம். பொருளாதார நெருக்கடியிலே வாழ வழியற்றுப்போன ஒரு குடும்பம் வள்ளம் ஏறி இராமேசுவரம் கரையில் இறங்கிச் சென்னையில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் குடும்பத் தலைவனும் தலைவியும் ஆகிறார்கள். யுத்தத்தைக் காட்டாமல், குண்டுச் சத்தத்தைக் கேட்பிக்காமல், அயலவனை நேசிக்கும் ஒரு சாதாரண மனிதனைக் காட்டியது அப்படத்தின் சிறப்பு. 2000ஆம் ஆண்டில் "தெனாலி" எமது பேச்சைச் சிரிப்புப் பொருளாக்கியது. கால் நூற்றாண்டு கழித்தாவது அந்தப் பேச்சுக்கு ஒரு கௌரவம் கிடைத்ததே என்று ஆறுதல் கொண்டோம்.

ஆயினும், அக்குடும்பம் தன் தமிழை மறைத்துக்கொண்டு, தான் கேரளத்தவர் என்று சொல்லிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் எமக்கு நெருடியது. தமிழ்நாட்டின் தலைநகரிலே ஒருவன் தமிழ் பேசினால் ஆபத்து, மலையாளி என்றால் பத்திரம்! இதைவிடக் கூரிய அரசியல் குற்றச்சாட்டு உண்டா? படமோ அதைத் தொட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அப்பால் நகர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இன்னமும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் குடியுரிமை இன்றி வாழ்கின்றனர். 2021இல் அம்முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, உரிமை வரவில்லை. 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்குக் கதவைத் திறந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. அந்நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கும் அக்கதவு திறக்கவில்லை. ஈழத்து இந்துவையும் எந்நாட்டு முஸ்லிமையும் ஒரே வரியில் வெளியே நிறுத்திய சட்டம் அது. நல்ல அயலவர்கள் சேர்ந்துகொண்டால் சட்டம் விலகி வழிவிடும் என்ற படத்தின் முடிவு இதயத்துக்கு இதமானது. சட்டம் அப்படி விலகுவதில்லை என்பதை முகாமில் பிறந்து முகாமிலேயே நரைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈழத்துத் தமிழர் என்று தமிழ்நாட்டார் எவரைக் காட்டினாலும், அவர் ஒரே ஊரார், ஒரே பேச்சினர், ஒரே துயரத்தினர். வாப்பா என்றும் உம்மா என்றும் காக்கா என்றும் ராத்தா என்றும் அழைக்கும் ஒரு தமிழ் இந்தத் தீவிலே இருக்கிறது என்பது அங்குள்ள படமுதலாளிமாருக்கும் நெறியாளருக்கும் தெரியாது, தெரிந்தாலும் வேண்டாம். 1956இல் வடக்கும் கிழக்கும் ஒன்றாக நின்று "தமிழ் பேசும் மக்கள்" என்ற சொல்லை உரத்து முழங்கின. கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்தன. வென்ற இருவரும் பின்னர் கட்சி மாறிப் போனது வேறு கதை; அதை இங்கே கிளறவேண்டியதில்லை. அரசியல் மேடையிலே அந்தச் சொல் எத்தனையோ தடவை உடைந்து ஒட்டியது. வெண்திரையிலோ அது ஒரு நாளும் உச்சரிக்கப்படவே இல்லை.

அப்படியானால் தமிழ்த் திரையில் முஸ்லிமே இல்லையா? உண்டு. இரண்டு வேடங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்று, நாயகனுக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடைவேளைக்கு முன் அவனுக்காக உயிரையும் கொடுக்கும் பாய். மற்றது, குண்டு. 2022இல் நடிகர் விஜய் நடித்த "பீஸ்ட்" படத்தில் வணிக மாளிகை ஒன்றைக் கைப்பற்றிய துப்பாக்கிக்காரர்களை நாயகன் ஒற்றை ஆளாக வேட்டையாடுகிறார். குவைத்தும் கட்டாரும் அப்படத்தை அனுமதிக்கவில்லை. எம்மவரின் மகஜர்கள் அதைப் பெருவெற்றியாகக் கொண்டாடின. எமக்கோ வேறொரு வருத்தம். வீதிக்கு வீதி எமது பிள்ளைகள் அந்த நடிகரின் படத்தை ஒட்டி மகிழ்ந்தவர்கள். அவர்கள் அன்பு வைத்த மனிதர், அவர்களைப் போன்ற பெயர் உள்ளவர்களைச் சுட்டு வீழ்த்துவதைக் கைதட்டிப் பார்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அந்தப் படம் கொடிய படம் என்பதைவிடச் சோம்பேறிப் படம் என்பதே எமது தீர்ப்பு. வில்லனைப் படைக்க மூளை ஓடவில்லை. கையருகே கிடந்த பழைய தாடியை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

2024 ஒக்டோபர் இறுதியில் வந்த "அமரன்" சோம்பேறிப் படம் அன்று. அது திறமையான படம். ஆதலால் அதைப் பற்றிப் பேசுவது கடினம். காசுமீரத்தில் 2014இல் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. அவருடைய மனைவியாகச் சாய் பல்லவி நடித்த பகுதிகளைக் கண்டு எமது வீட்டுப் பெண்கள் அழுதார்கள், நாமும் அழுதோம். ஆனால், அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன் எவனுக்கும் அப்படத்தில் ஒரு தாயோ, ஒரு நியாயமோ, ஒரு முழு வசனமோ உண்டா? கல்லெறிபவனாக வருகிறான், அல்லது துப்பாக்கியோடு வந்து விழுகிறான். இராணுவச் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்று அடையாள அட்டையை நீட்டிய அனுபவம் உள்ள எந்த ஊராரும், தமிழராயினும் முஸ்லிமாயினும், அந்த வரிசையின் பக்கமிருந்தே படத்தைப் பார்ப்பார்கள். நாம் அப்படித்தான் பார்த்தோம்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2024இல் வந்த "லால் சலாம்" படத்தில் ரஜினிகாந்தே மொய்தீன் பாயாக வந்தார். இந்து–முஸ்லிம் ஒற்றுமையே கதை. எண்ணத்தில் குறை காண ஒன்றும் இல்லை. ஆனால் மொய்தீன் பாய் மனிதராக இல்லை. நற்சான்றுப் பத்திரமாக நடமாடுகிறார். தான் நல்லவன் என்பதை நிமிடத்துக்கு நிமிடம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்தானே இப்படி ஓயாமல் நிரூபிப்பான்? கூண்டிலிருந்து இறக்கிவிடாமல் அவருக்கு மாலை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

2021இல் வெங்கட் பிரபு எடுத்த "மாநாடு" இவை எல்லாவற்றையும்விட எமக்குப் பிடித்தது. அது பொழுதுபோக்குப் படம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் வினோதக் கதை. அப்துல் காலிக் என்ற வாலிபன் பெரிய தியாகியும் அல்லன். பெரிய பாவியும் அல்லன். நண்பனின் காதல் திருமணத்துக்கு உதவ வந்த ஒருவன். முதலமைச்சரைக் கொலைசெய்துவிட்டுப் பழியை ஒரு முஸ்லிமின் தலையில் சுமத்துவோம், கலவரம் தானாக மூளும் என்று பொலிஸ் அதிகாரியே திட்டமிடுகிறான். குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளியின் மதம் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்ற உண்மையை, கேளிக்கைப் படமொன்று பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிட்டது. எந்த மகஜரும் கேட்டு வந்த படம் அன்று அது. ஒரு நெறியாளர் கொஞ்சம் யோசித்தார், அவ்வளவே.

இவ்வளவு குறை கூறுகிறீர்களே, பின் தடை கேட்டால் என்ன என்று கேட்பார்கள். இதோ எமது பதில்.

2013 சனவரியில் கமல்ஹாசனின் "விஸ்வரூபம்" தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டது. முஸ்லிம் அமைப்புகள் கேட்டன. அரசாங்கம் பதினைந்து நாள் தடையுத்தரவு போட்டது. சில ஒலிகள் நீக்கப்பட்டுப் பெப்ரவரியில் படம் வெளிவந்தது. விளைவு என்ன? சாதாரணமாக ஓடியிருக்கக்கூடிய படம் உலகச் செய்தியாயிற்று. அதற்குப் பிறகு தமிழ்ப் படங்களில் குண்டு வைக்கும் தாடிக்காரர் குறைந்தாரா? 2024 நவம்பரில் "அமரன்" ஓடிய மேலப்பாளையம் திரையரங்கின்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. எறிந்த கை, "முஸ்லிம் என்றால் குண்டு" என்ற பழைய வசனத்துக்குப் புதிய காட்சி ஒன்றை இலவசமாக எடுத்துக்கொடுத்தது. இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தப் படமுதலாளியும் கேட்டிருக்க மாட்டார்.

தடை கேட்பதில் நாம் மட்டும் வல்லவர்கள் அல்லர். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான "ஒப நதுவ ஒப எக்க" 2014இல் சென்னையில் திரையிடப்பட இருந்தபோது, அவர் சிங்களவர் என்ற காரணத்துக்காகவே மிரட்டி நிறுத்தினார்கள். தமிழ்ப் பெண்ணொருத்திக்குச் சிங்களச் சிப்பாய் இழைத்த அநீதியைச் சிங்களவரே ஒப்புக்கொண்டு எடுத்த படம் அது! 2018இல் ஜூட் ரட்ணத்தின் "டெமன்ஸ் இன் பரடைஸ்" யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து விலக்கப்பட்டது. 2020இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகவேண்டிய நிலை உண்டாக்கப்பட்டது. வேறு நடிகரோடு 2023இல் அது வெளிவந்தபோது முரளி முரளியாகவே இருந்தார், உலகமும் அழியவில்லை. ஆக, தமிழர் கேட்ட தடையும் முஸ்லிம்கள் கேட்ட தடையும் ஒரே தறியில் நெய்த துணிதான். கரையின் நிறம் மட்டும் வேறு.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்ப் படம் இட ஒதுக்கீட்டைச் சாடியது. எமக்கு அதன் கருத்தில் உடன்பாடில்லை. கலகம் மூளும் என்று கூறித் தமிழ்நாட்டில் அதை நிறுத்தப் பார்த்தார்கள். 1989இல் இந்திய உயர் நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையைப் பறிகொடுக்க முடியாது, மிரட்டுபவனிடமிருந்து பேசுபவனைக் காப்பதே அரசின் கடமை, பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாய்க்கும் தீப்பொறிக்கும் உள்ள நெருக்கம் போன்றதாக இருந்தால் மட்டுமே தடை. இந்தக் கருத்து எமது நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எமது நாட்டில் நாம் எதை வைத்திருக்கிறோம்? 1912ஆம் ஆண்டில், பேசும் படமே பிறவாத காலத்தில், வெள்ளைக்காரன் இயற்றிய 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் அமைந்த சபைதான் நாம் எதைப் பார்க்கலாம் என்று இன்றும் முடிவு செய்கிறது. அந்தச் சபையிடம் போய், "எங்களுக்காகவும் கொஞ்சம் வெட்டுங்கள்" என்று கத்தரிக்கோலைத் தீட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள் எமது மகஜர் அன்பர்கள்.

கத்தரிக்கோல் யாருடைய கழுத்துக்கு வரும் என்பதை மறந்தார்களா? 2020 மே மாதத்தில் அஹ்னப் ஜஸீம் என்ற இளங்கவிஞர், தமிழ் பேசும் முஸ்லிம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். "நவரசம்" என்ற கவிதைத் தொகுதியே அவர்மீதான ஆதாரம். வன்முறையைக் கண்டித்த கவிதைகளைத் தீவிரவாதம் என்று பொருள்கொண்டார்கள். பத்தொன்பது மாதம் உள்ளே கிடந்தார். 2021 டிசம்பரில் பிணை; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத கை ஒன்று தமிழ்க் கவிஞன் ஒருவனின் இளமையில் மூன்றரை ஆண்டைத் தின்றது. "இது எமது மனத்தைப் புண்படுத்துகிறது, அடக்குங்கள்" என்ற வாசகத்தை ஒரு படத்துக்கு எதிராக நாம் எழுதினால், நாளை அதே வாசகத்தை எடுத்து எமது கவிஞனுக்கு எதிராக எவரும் நீட்டலாம். சட்டத்தில் நாம் உண்டாக்கும் வழக்காறு எமக்கு மட்டும் விலக்களிப்பதில்லை. அந்த மகஜரில் நாம் கையொப்பமிட மறுத்ததன் காரணம் இதுவே. வேறு காரணம் தேடவேண்டாம்.

மார்க்கத்தின் பெயரால் சினிமாவே ஆகாது என்போருக்கு ஒரு வார்த்தை. ஈரானைவிட மார்க்கக் கட்டுப்பாடு மிகுந்த அரசு அரிது. அங்கேதான் 1997இல் மஜீத் மஜீதி ஒரு சோடிக் காலணியை இழந்த அண்ணன் தங்கையின் கதையை எடுத்தார், உலகம் நின்று பார்த்தது. அவ்வளவு தூரம் போவானேன்? கடலுக்கு அப்பால் மலபாரைப் பாருங்கள். சக்கரியா என்ற மலப்புறத்து இளைஞர் 2018இல் "சுடானி ஃப்ரம் நைஜீரியா" எடுத்தார். உதைபந்தாட வந்து கால் முறிந்த ஆபிரிக்க வாலிபனை, அவன் மொழி அறியாத இரண்டு மாப்பிள்ளைத் தாய்மார் தம் பிள்ளையாகப் பராமரிக்கிறார்கள். குண்டும் இல்லை, பிரசங்கமும் இல்லை; தஸ்பீஹும் கஞ்சியும் கண்ணீரும் உண்டு. 2020இல் அதே சக்கரியா, மார்க்கத்துக்கு முரணாகாமல் படம் எடுக்க முயலும் ஒரு முஸ்லிம் இயக்கத்தாரைப் பற்றியே, "ஹலால் லவ் ஸ்டோரி" என்று, அன்போடு கேலி செய்து படம் எடுத்தார். மலபார் மாப்பிள்ளைமாருக்கும் எமது கரையோரத்தாருக்கும் உணவிலும் உறவிலும் எவ்வளவோ ஒற்றுமை. தாய்வழிக் குடிமுறை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் முடிக்கும் வழக்கத்தில் பாண்டிருப்புத் தமிழருக்கும் கல்முனைக்குடி முஸ்லிமுக்கும் பேதமே இல்லை. மலபாரிலே அவ்வாழ்க்கை படமாயிற்று. இங்கே வழக்காடு மன்றத்துக்கு வரும் காணி உறுதிகளில் மட்டுமே அது பதிவாகிறது.

எமது துயரத்தை எடுத்தவர் யார்? 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், உடுத்த உடையோடு விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த அவலத்தை 2003இல் "இர மதியம" என்ற படத்தில் காட்டியவர், மேலே சொன்ன அதே பிரசன்ன விதானகே. அரபாத் என்ற சிறுவன் ஊரைவிட்டு ஓடும் வேளையிலே தன் நாயை விட்டுப் பிரிய மறுக்கிறானே, அந்தக் காட்சி நூறு மகஜருக்கு மேலானது. எமது கதையைச் சிங்களவர் எடுத்தார். வடபுலத்தாரின் அகதிக் கதையை 2015இல் ஒரு பிரெஞ்சுக்காரர் "தீபன்" என்று எடுத்துக் கான் விழாவின் முதற்பரிசைக் கொண்டுபோனார். உரியவர் உறங்க, ஊரார் உழுதார்கள்.

உழப்படாத நிலம் எவ்வளவு கிடக்கிறது! 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை, உலகம் முழுதும் அடக்கம் செய்ய அனுமதித்திருந்தும், இந்த நாடு எரித்தது. பிறந்து இருபதே நாளான சிசுவையும் எரித்தது. பொரளைக் கனத்தையின் வேலியிலே, எம்மதத்தவரும் வந்து, வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு துண்டு வெள்ளைத் துணியிலே முழுப் படமும் இருக்கிறது. 2019 ஏப்பிரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் குண்டுதாரிகள் தம் மனைவி மக்களோடு வெடித்துச் செத்தார்கள். அந்த வீட்டார்மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்களே. "பீஸ்ட்" படக்காரர் ஆயிரம் ஆண்டு யோசித்தாலும் தோன்றாத கதை எமது தெருவிலேயே நடந்தது. சுனாமி அள்ளிச் சென்ற 2004 டிசம்பர் 26ஐப் பற்றியோ, இந்த மாவட்டம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்ததைப் பற்றியோ, ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு கடல் அரித்துத் தின்ற தென்னந்தோப்புகளைப் பற்றியோ நாம் எடுத்த படம் எது?

ஆனால், அப்படி எடுக்கப் புறப்படுவோமாயின், எமக்கு இனிக்காததையும் எடுக்க வேண்டிவரும். 1990 ஆகஸ்ட் மூன்றாம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை எடுப்போம், எவரும் மறுக்கமாட்டார். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதையும் எடுப்போமா? ஊர்காவற் படையினராக ஆயுதம் ஏந்திய எம்மவர் சிலரும் அங்கே இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னதைத் திரையிலே பார்க்கும் திராணி எமக்கு உண்டா? அன்றைக்கும் ஒரு மகஜர் வருமா? தமிழ்நாட்டாரிடம், "எங்களை மனிதராகக் காட்டுங்கள்" என்று கேட்கிறோம். மனிதன் என்றால் அடிபட்டவன் மட்டுமா? ஒரு பிரதேச செயலகத்துக்காகத் தமிழரும் முஸ்லிமும் எதிரெதிரே பந்தல் போட்டு உட்கார்ந்த நகரம் இது. இந்த வினாவுக்கு விடை சொல்லாமல் கல்முனையில் எவரும் கமராவைத் தூக்க முடியாது. தூக்கினால் அது கலியாண வீடியோவாகத்தான் முடியும்.

பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். மண்டபம் கட்டப் பணம் இருக்கிறது. அரசியல்வாதிக்குப் பொன்னாடை போர்த்தப் பணம் இருக்கிறது. எழுத்து இல்லை என்றும் சொல்ல வேண்டாம். எம். ஏ. நுஃமானும் மருதூர்க் கொத்தனும் நீலாவணனும் சோலைக்கிளியும் எழுதிய மண்ணிது. ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது; கையிலே கருவியோடு ஆயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1977இல் தர்மசேன பத்திராஜா "பொன்மணி"யை எடுத்தபோது அவரிடம் இதில் பாதியும் இருக்கவில்லை.

முதற்படியாக, மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் ஒரு படம் என்று தொடங்குவோம். முதலிலே "இர மதியம", அடுத்த மாதம் "கடைசி விவசாயி", அதற்கடுத்து "சுடானி". காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் தமிழ் அன்பர்களை அழைப்போம். பெண்களுக்கு முன்வரிசையை ஒதுக்குவோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, விரும்பியவர் எழுந்து திட்டட்டும் அல்லது புகழட்டும். பொதுத் திரையிடலுக்கு அந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறவேண்டும். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.